தற்செயலும் தன் செயலும்

எதிர்பாராது நேரும் நிகழ்ச்சியை நாம் 'தற்செயல்' என்கிறோம். அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டோர் சிலரே. 'தன்' என்பதும் 'செயல்' என்பதும் புணர்ந்தே அது 'தற்செயல்' ஆயிற்று. தானே நேர்ந்தது என்று நாம் கூறுமிடத்தும், தான் செய்தது என்னுங் குறிப்பு அச்சொல்லினுள்ளே மறைந்து நிற்கிறது. ஆங்கிலேயர் வழங்கும் 'கோயின்சிடென்ஸ்' என்னுஞ் சொல்லுக்கோ, அதன் இலத்தீன் மூலத்தின்படி, உடன் விழுதல் என்பது பொருள். அங்கே இரண்டு பொருள்கள் ஒருங்கே விழுகின்றன. மனிதன் அருகில் நின்று வியக்கிறான். இங்கே மனிதனுடைய செயலும் அந்நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. ஆங்கிலவழிக் கல்வி பெற்று, செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணியாகப் பணிபுரியும் யான், இவ்விரு சொற்களுள் எது உண்மைக்கு அண்மையது என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அவ்வெண்ணத்தின் பயனே இக்கட்டுரை.

பழகிய எல்லையை விட்டு ஒருவன் வெளியே காலெடுத்து வைத்தால், அவனுக்கு வேண்டிய ஆளும் பொருளும் செய்தியும் வழியில் வந்து கூடுகின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அஞ்சிய காரியத்தைத் துணிந்து தொடங்கிய மறுநாளே, அதற்கு வேண்டிய உதவி எங்கிருந்தோ வந்தது என்று கூறுவோர் நம்மிடையே உளர். அவர்கள் பொய் கூறுகின்றனர் என்று தள்ளிவிடுதல் எளிது. உலகமே அவர்களுக்காக வளைந்து கொடுத்தது என்று நம்பிவிடுதல் அதனினும் எளிது. தலையெழுத்து என்று சொல்லி வாயடைத்துவிடுதலோ யாவற்றினும் எளிது. எளிய வழி மூன்றையும் விடுத்து, நடந்தது எவ்வாறு நடந்தது என்று கேட்பதே அறிவுடையோர் வழியாகும்.

இவ்வகை நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'செரண்டிப்பிட்டி' என்று மற்றொரு பெயரும் உண்டு. அப்பெயர் நமக்கு முற்றும் அயலானதன்று. அராபியர் இலங்கைத் தீவைச் 'சரந்தீப்' என்றழைத்தனர். சரந்தீப்பின் இளவரசர் மூவரைப் பற்றிய கதையொன்று 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாயிற்று. ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1754 சனவரியில் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில், தேடாத பொருளைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டெடுக்குந் திறனுக்கு அக்கதையைக் கொண்டே இப்பெயரைப் படைத்தார். கதையில் நாம் கருத வேண்டியது வேறொன்று. அவ்விளவரசர்கள் அரண்மனையிலேயே கலைகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய தந்தை அவர்களை நாட்டை விட்டு வெளியே அனுப்புகிறான். மேய்ந்த புல்லையும் அடிச்சுவட்டையும் கண்டு, காணாமற்போன ஒட்டகம் ஒரு கண் குருடு, ஒரு கால் நொண்டி என்று அவர்கள் அறிந்து கூறியது அதன் பின்னரே. அரண்மனைக்குள் ஒட்டகம் தொலைவதில்லை.

கதையை விடுத்து, இந்நாட்டு வரலாற்றுக்கு வருவோம். யான் நாள்தோறுங் கணக்கெழுதும் செம்பனை இம்மண்ணுக்கு உரிய மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவே அதன் தாயகம். 1848-இல் நான்கு கன்றுகள் சாவகத்தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் அதனை வாணிகப் பயிராக நட்டார். மரம் வந்தது, செழித்தது, ஆயின் அதன் பூக்களுக்கு மகரந்தங் கொண்டு சேர்க்கும் உயிர் உடன் வரவில்லை. ஆதலின் பல தோட்டங்களில் தொழிலாளரே மகரந்தத்தைப் பொடியுடன் கலந்து, மரமரமாகச் சென்று, பெண் பூங்கொத்துகளின்மேல் ஊத வேண்டியிருந்தது. செம்பனை மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது என்பது அக்காலத்துக் கொள்கை. காற்றுப் போதாத இடத்திற் கை உதவ வேண்டும் என்பது தோட்டத்தின் வழக்கம்.

லெஸ்லி டேவிட்சன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவர் ஒருவர் தோட்ட நிருவாகியாக ஆப்பிரிக்காவின் காமரூனிலும் பணிபுரிந்தார், இப்பகுதியிலும் பணிபுரிந்தார். காமரூனிற் செம்பனைப் பூங்கொத்துகளைச் சிறு கூன்வண்டுகள் மொய்த்திருப்பதை அவர் கண்டிருந்தார். அங்கே யாரும் மகரந்தம் ஊதவில்லை. குலைகளிற் காய்கள் நிறைந்திருந்தன. இங்கே வண்டுகள் இல்லை, கை ஊதிற்று. அவருடைய ஐயத்தை அன்றைய அறிஞர்கள் உடனே ஏற்கவில்லை. 1970களிற் பொறுப்பு அவர் கைக்கு வந்த பின்னர், ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் காமரூனில் ஆராய்ச்சி மேற்கொண்டார். ஆண் பூங்கொத்து சோம்பின் மணத்தை வெளிவிடுகிறது. வண்டுகள் அதனை நாடி வந்து அதிலேயே இனம் பெருக்குகின்றன. பெண் பூங்கொத்தும் அதே மணத்தை வெளிவிட, ஏமாந்த வண்டுகள் உடலெல்லாம் மகரந்தத்துடன் அங்கும் சென்று வருகின்றன. இவ்வளவே மறைபொருள். பிற பயிர்களுக்கு அவை தீங்கு செய்யா என்று சோதித்தறிந்த பின், 1981-இல் ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றில் அவ்வண்டுகள் விடப்பட்டன. கையால் ஊதும் வேலை விரைவிலேயே ஒழிந்தது.

அன்பர்களே, இதனைச் சற்று நின்று நோக்குங்கள். காமரூனிலேயே வாழ்ந்தவனுக்கு வண்டு இருத்தல் இயல்பு; ஆதலின் அவன் அதனைக் கருதான். இங்கேயே வாழ்ந்தவனுக்கு வண்டு இல்லாமை இயல்பு. ஆதலின் அவ்வில்லாமை அவன் கண்ணிற் படாது. ஈரிடத்தும் நின்றவன் கண்ணுக்கே பொருத்தம் தோன்றிற்று. பொருத்தம் என்பதற்கு இரண்டு பாதிகள் வேண்டும். இருந்த இடத்தில் இருப்பவன் கையில் ஒரு பாதி உண்டு. மறுபாதி வெளியே கிடக்கிறது.

வண்டைப் பற்றியே மற்றொரு செய்தியும் உண்டு. மனநூலறிஞர் கார்ல் யுங், பொருள் பொதிந்த பொருத்தங்களைப் பற்றி 1952-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பெண்மணி தாம் கனவிற் கண்ட பொன்வண்டைப் பற்றி அவரிடம் கூறிக்கொண்டிருந்தபோது, சன்னலில் ஏதோ தட்டும் ஓசை கேட்டதாம்; திறந்து பார்த்தால், அப்பொன்வண்டை ஒத்த உண்மை வண்டொன்று உள்ளே வந்ததாம். யுங் அவர்கள் இதனைக் காரணகாரியத் தொடர்புக்கு அப்பாற்பட்ட ஒரு நெறியின் சான்றாகக் கொண்டார். அவ்வறிஞர்பால் மதிப்புடையேனாயினும், என் மனம் அவர் வண்டைவிடக் காமரூன் வண்டையே நாடுகிறது. ஒன்று சன்னலுக்குத் தானே வந்தது; கண்டோரை வியப்பித்தது. மற்றொன்றைக் கடல் கடந்து சென்று கொண்டுவர வேண்டியிருந்தது. அது பல்லாயிரவர் கைகளின் வேலையை மாற்றியது.

இனி, என் அளவில் நிகழ்ந்ததைக் கூறுவேன்.

எங்கள் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி இருக்கிறார். களை வெட்டியும் உதிரிப் பழம் பொறுக்கியும் நாற்பதாண்டுகள் உழைத்தவர். இந்நாட்டிலேயே பிறந்தவர், வேறு நாட்டைக் கண்டறியாதவர். ஆயினும் அவரிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் தாம் பிறந்ததாகத் தாய் சொன்னதொன்றே அவரிடமுள்ள சான்று. குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைக் காணும் அரசாங்க மருத்துவமனையில், இவர் அயல்நாட்டார் கட்டணம் செலுத்த வேண்டும். கண்ணிற் புரை வளர்கிறது, அறுவைக்குப் பணமில்லை.

சட்டம் அவருக்குப் பகையன்று. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாக் கூட்டரசில் பிறந்தோர், ஒரு சில விலக்குகள் நீங்கலாக, சட்டத்தின் இயல்பாலேயே குடிமக்களாவர். அவர் பிறந்த ஆண்டு 1960 என்று மெய்ப்பிக்க இயன்றால் வழி பிறக்கும். மெய்ப்பிப்பது எவ்வாறு? அவர் பிறந்த காலமோ தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம். அத்துண்டாடலினின்று தொழிலாளரைக் காக்கும் பொருட்டே துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் அதே 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் காத்த தோட்டங்கள் சில. காக்கவியலாமற் போனவை பல. மூதாட்டி பிறந்த தோட்டம் பின்வகையைச் சேர்ந்தது. துண்டு துண்டாய் விற்கப்பட்டுப் பலர் கைமாறி, இன்று வீடமைப்புப் பகுதியாய் நிற்கிறது. அதன் ஏடுகள் எங்கே சென்றன என்று சொல்வாரில்லை.

கணக்கேட்டுக்கு அஞ்சாத யான் கூட்டத்துக்கு அஞ்சுபவன். ஆங்கிலத்தில் மனு எழுதுதல் எனக்கு எளிது. முன்பின் அறியாதாரிடஞ் சென்று தமிழிற் பேச்செடுத்தலோ நெஞ்சைப் படபடக்கச் செய்வது. அலுவலகம், வீடு, திங்களுக்கொருமுறை பட்டணம் என்பதே என் வாழ்க்கையின் வட்டம். எழுதிய கடிதங்களுக்கு விடை வாராமையால், ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சென்று, மக்கள் கூடுமிடங்களிற் கேட்டுப் பார்ப்பதென்று உறுதி செய்தேன். கிராணியின் வழக்கப்படி, ஒவ்வொரு பயணத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டிற் பதிந்து வந்தேன். அது வருமாறு: கோயில் திருவிழா 4, திருமண வீடு 3, துக்க வீடு 2, சந்தை 2. ஆக 11 பயணங்கள். பயன் இல்லை.

பன்னிரண்டாவது பயணம் ஒரு சிற்றூர்த் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு. நோக்கத்தைக் கூறியதும், "நீங்களே மேடையேறி ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்" என்றார் தலைவர். மேடையேறுதல் என் கணக்கில் இல்லாத ஒன்று. ஏறினேன். தோட்டத்தின் பெயரை மும்முறை சொன்னேன், மூதாட்டியின் நிலையைச் சொன்னேன், இறங்கினேன். கூட்டத்திலிருந்த ஒருவரும் அத்தோட்டத்தை அறிந்தாரில்லை. வெளியே வந்து வண்டியை முடுக்கும்போது, முதியவர் ஒருவர் வாயிற் கதவருகே விரைந்து வந்தார்.

"தம்பி, ஒலிபெருக்கியில் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னது யார்?"

"யான்தான், ஐயா."

"அந்தத் தோட்டத்துப் பள்ளியில் என் தந்தையார் தலைமையாசிரியராய் இருந்தார்."

அவர் கூட்டத்துக்கு வந்தவரல்லர், அவ்வூரினரும் அல்லர். மகனுக்கு அன்று வேறு வேலை இருந்தமையால், அருகில் வகுப்புக்கு வந்த பேத்தியை அழைத்துச் செல்லத் தாம் வந்து, சாலையோரம் காத்து நின்றவர். பள்ளி மூடப்பட்டபோது பழைய தாள்களைக் கொளுத்த எடுத்துவைத்தனராம். மாணவர் சேர்க்கையைத் தம் கையால் எழுதிய ஏட்டைக் கொளுத்த மனம் வாராமல், அவர் தந்தையார் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். அவர் இறந்த பின்னரும் அது தகரப் பெட்டியிற் கிடந்தது. அன்று மாலையே அவர் இல்லத்தில் அதனைப் பிரித்தோம். 1967-ஆம் ஆண்டுப் பக்கத்தில் மூதாட்டியின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, 1960, பிறந்த இடம் அத்தோட்டமே என்பன நீல மையில் எழுதப்பட்டிருந்தன. எண்களையே தொழிலாகக் கொண்ட எனக்கு, நான்கு இலக்கங்கள் அவ்வளவு அழகாய் அதற்குமுன் தோன்றியதில்லை.

அடுத்த வரியிலிருந்த பெயரைக் கண்டதும் முதியவர், "இந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்" என்றார். மறுவாரம் மூதாட்டியை அங்கே அழைத்துச் சென்றேன். அவ்வம்மாள் புரை படர்ந்த அக்கண்களை நெடுநேரம் உற்றுப் பார்த்து, "என் சிலேட்டை உடைத்தவள்தானே நீ?" என்றார். "உடைத்தது உன் தம்பி, அடி வாங்கியது நான்" என்றார் மூதாட்டி. இருவரும் சிரித்தனர்; பிறகு அழுதனர். அவ்வம்மாளின் தமக்கையார், மூதாட்டி லயத்திற் பிறந்த அன்று மருத்துவச்சிக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்தவர். இருவருடைய வாக்குமூலமும் ஏட்டின் படியும் விண்ணப்பத்துடன் சேர்க்கப்பட்டன. இஃதெழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. ஆயினும் நேற்றுவரை வாய்ச்சொல் ஒன்றே சான்றாயிருந்த ஒருவருக்கு, இன்று தாளும் சாட்சியும் உள்ளன.

இதனை அறிந்தோர், "உமக்கு நல்ல நேரம்" என்றனர். அந்நேரம் எத்தன்மையது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். கணிதநூலார் நன்கறிந்த ஒரு கணக்கு உண்டு. எங்கள் காலைப் பிரட்டில் இன்று நிற்போருட் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்களுள் யாரேனும் 23 பேரை நிறுத்தினால், அவர்களில் இருவரேனும் ஒரே நாளிற் பிறந்திருத்தற்கு வாய்ப்புப் பாதிக்குச் சற்று மேல். கேட்போர் நம்பார், ஆண்டுக்கு 365 நாள் இருக்க, 23 பேர் எவ்வாறு போதும் என்பர். ஆட்களை எண்ணுதல் கூடாது. இணைகளை எண்ண வேண்டும். 23 பேருள் இருவர் இருவராக அமையும் இணைகள் 253. ஆட்கள் 46 ஆயின் இணைகள் 1,035. ஆள் இருமடங்காக, இணை நான்கு மடங்காகிறது.

பழகிய எல்லையை விட்டு வெளியேறுவோனுக்குப் பொருத்தங்கள் மிகுதற்குக் காரணம் இதுவே. அவன் காணும் புதிய முகம் ஒவ்வொன்றும் ஒரு முகமாக மட்டும் வரவில்லை. தன் உற்றார், தன் ஊர், தன் தகரப் பெட்டி ஆகிய யாவற்றையும் சுமந்து வருகிறது. ஒரு தோட்டப் பள்ளியிற் படித்தோரும் அவர்தம் மக்களும் பேரரும் பல ஊர்களிற் சிதறிக் கிடக்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒருநாள் என் குரலைக் கேட்டல் அருமையன்று. கேட்கும் நாள் பன்னிரண்டாவதாக அமைந்ததே தற்செயல். குரல் எழுந்தது தன் செயல். மேடையேறாது வாசலில் நின்று நால்வரைக் கேட்டுத் திரும்பியிருந்தால், சாலையில் நின்ற முதியவர் பேத்தியுடன் வீடு சென்றிருப்பார்; இருவருமே எதனை இழந்தோம் என்று அறிந்திரோம். நம் அருகே கடந்து செல்லும் பொருத்தங்களுட் பெரும்பாலன இவ்வாறே ஓசையின்றிக் கழிகின்றன.

தேவையைச் சுமந்து செல்லுதலும் இதில் ஒரு பங்குடையது. அம்முதியவரை வேறொரு நாள் வேறொரு கடையிற் கண்டிருந்தால், அவர் எனக்குத் தேநீர் அருந்தும் ஒரு முதியவரே ஆவார். கேள்வியொன்று நெஞ்சிலிருந்தமையால் அவர் சொல் விடையாயிற்று. கேள்வியில்லாதான் உலகெலாஞ் சுற்றினும் காண்பது காட்சிகளே.

இருவகை மயக்கங்களையும் ஈண்டு விலக்க வேண்டும். துணிந்தவனுக்கெல்லாம் வெற்றி உறுதி என்பது ஒன்று. என் குறிப்பேட்டின் பதினொரு வெற்று வரிகளே அதற்கு விடை. கூடிய பொருத்தத்தை ஊரெல்லாம் பேசுவோம்; கூடாதவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைப்பவனே உண்மையான விகிதத்தை அறிவான். பழகியதை விடுதல் எல்லார்க்கும் ஒரேதன்மையது என்பது மற்றொன்று. நம் முன்னோர் கப்பலேறியது சௌகரியத்தை விட்டன்று, பசியை விட்டு. அவர்களிடம் சென்று, புதிய அனுபவத்தை நாடினீரோ என்று கேட்டல் கொடுமையாகும். வயிறு நிறைந்தும் வாய் திறவாதிருக்கும் என் போன்றோர்க்கே இவ்வறிவுரை உரியது.

மூதாட்டி இதனைத் தம் வழியில் விளங்கிக்கொண்டிருக்கிறார். "எல்லாம் மாரியாத்தா காட்டிய வழி" என்று அவர் கூறினார். யான் மறுக்கவில்லை. "பதினொரு வாரம் ஏன் காட்டவில்லை, பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வழி காட்டுவது ஆத்தா, ஐயா, நடக்க வேண்டியது நம் கால்தானே" என்றார். அவருக்கும் எனக்கும் கொள்கை வேறாயினும், செயலளவில் வேற்றுமை இல்லை என்று கண்டேன்.

நேயர்களே, இந்நாட்டின் பழைய தோட்டங்களிற் பிறந்து, தாளின்மையால் தம் நாட்டிலேயே அயலாராய் நிற்போர் இன்னும் உளர். அவர்களுக்கு வேண்டிய மறுபாதி யாருடைய வீட்டிலோ கிடக்கிறது. உங்கள் தந்தையார் ஆசிரியராகவோ, கிராணியாகவோ, கங்காணியாகவோ, தோட்ட மருத்துவமனைப் பணியாளராகவோ இருந்தவராயின், அவர் விட்டுச் சென்ற பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். சேர்க்கை ஏடு, பெயர் எழுதிய வகுப்புப் படம், பிரசவக் குறிப்பு, எதுவாயினும் கொளுத்தற்க. உங்கள் அண்டை வீட்டில் அட்டையில்லாத முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரை அறிந்து, மக்கள் கூடுமிடத்தில் உரக்கச் சொல்லுங்கள். முதல் நாள் யாரும் திரும்பிப் பாரார். பதினோராம் நாளும் பாராதிருக்கலாம். அடுத்த ஞாயிறும் செல்லுங்கள்.